பின்மூலையில் பசை

கிளாம்ப் தளர்ந்திருந்தது.

காலையில் பட்டறையைத் திறந்ததும் தச்சர் முதலில் பார்த்தது அதைத்தான். நேற்று மாலை ஸ்பீக்கர் பெட்டியின் ஆறு பலகைகளையும் பசை தடவிச் சேர்த்து, எட்டு கிளாம்புகளையும் தன் கையாலேயே இறுக்கியிருந்தார். இப்போது பின்பலகையைப் பிடித்திருந்த இரண்டு மட்டும் அரைச்சுற்று கழன்றிருந்தன. கதவுப் பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்று மைத்துனனிடம்.

இது மூன்றாவது பெட்டி. முந்தைய இரண்டிலும் இதே பின்மூலையில்தான் இணைப்பு விட்டுக் காற்று கசிந்தது. மைத்துனனுக்குத் தனிப் பட்டறை போடுகிற ஆசை உண்டு. இங்கே பெயர் கெட்டால் அங்கே அவனுக்கு நல்லது. நேற்று இதை மனைவியிடம் சொல்லப்போக, அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். தம்பியை அனுப்பினால் தானும் அவனோடு கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

ஆதாரம் வேண்டும்.

மைத்துனன் வந்தான். குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"நீங்க போட்ட பிடியில பெட்டிக்கே மூச்சு முட்டியிருக்கும் மாமா."

"சாவி உங்கிட்டயும்தானே இருக்கு?"

சிரிப்பு நின்றது. டீ வாங்கப் போய்விட்டான்.

தச்சர் முன்பலகையில் ஸ்பீக்கர் பொருத்த வெட்டிய வட்ட ஓட்டைக்குள் கையை விட்டார். தோள்வரை போனால்தான் பின்மூலை எட்டும். கன்னம் பலகையில் அழுந்த, மரத்தூளும் பசையும் கலந்த புளித்த வாடை மூக்கை அடைக்க, எதிர்ச்சுவரில் தொங்கும் ரம்பங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத நிலையில், விரல்கள் மட்டும் இருட்டுக்குள் இணைப்பு வழியே ஊர்ந்தன. உள்ளே பிதுங்கும் பசையை அவர் துடைப்பதே இல்லை; காய்ந்தால் அதுவே காற்றை அடைக்கும். மணி மணியாகத் தட்டுப்பட வேண்டும்.

வழவழவென்று இருந்தது.

யாரோ விரலால் வழித்திருக்கிறார்கள். நான்கு தடம். அகப்பட்டான்!

ஆனால் தடத்தில் இன்னும் ஈரம். இப்போதுதான் வழித்ததுபோல.

ரம்பங்களின் மேல் நிழல் விழுந்தது. கையை எடுக்காமலே வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். மைத்துனன். இரண்டு கையிலும் டீ கிளாஸ்.

"நீங்க சாவியப் பத்திக் கேட்டத அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன் மாமா. நீங்களும் சொல்லாதீங்க."



பெட்டிக்குள் ஏதோ ஒன்று அவர் கட்டைவிரலில் ஒட்டிய பசையைத் துடைத்தது. நிதானமாக. சுத்தமாக. பிறகு அடுத்த விரல். அடுத்தது.

ஐந்தும் முடிந்ததும், ஈரமான ஐந்து விரல்கள் அவர் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன.