இருபது கேள்வி, ஒரே டிக்!

"ஐயோ... அம்மா!"

மகளின் அலறல் தெருமுனை வரை கேட்டது.

கட்டிலில் அம்மா. வாயோரம் நுரை. உடம்பு ஜில்லிட்டுப் போயிருந்தது! தலைமாட்டில் தூக்க மாத்திரை அட்டை, காலி.

பக்கத்து நாற்காலியில் அப்பா. ரிடையரான ஆஸ்பத்திரி கிளார்க். பச்சைக் குழந்தை மாதிரி விழித்தார்.

"மாத்திரை கொடுத்தேன்மா. கொடுத்தேனான்னு சந்தேகம் வந்துச்சு. மறுபடி கொடுத்தேன். மறுபடியும்..."

அரைமணியில் இன்ஸ்பெக்டர் ஆஜர். மனிதருக்கு மீசை பெரிது, பொறுமை சிறிது.

"யார் காதுல பூ சுத்தறீங்க? எழுந்து ஜீப்புல ஏறுங்க பெரியவரே!"

"சார், அப்பாவுக்கு ஞாபக மறதி! போன வாரம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். அம்மாதான் போயிட்டாங்க... இவரையும் ஜெயில்ல போட்டுட்டா எனக்கு யாரு சார் இருக்கா?"

டாக்டர் வந்தார், கையில் ஒரு படிவத்துடன். தன் மறதியைப் பற்றி நோயாளி தானே நிரப்ப வேண்டிய படிவம். இருபது கேள்விகள். வழி தவறியதுண்டா? அடுப்பை அணைக்க மறந்ததுண்டா?

போன வாரமே, இருபதுக்கும் அப்பா ஒரே பதிலைத்தான் டிக் அடித்திருந்தார்.

'ஒருபோதும் இல்லை.'

இன்ஸ்பெக்டர் துள்ளினார்.

"மாட்டினாரு! மறதியே இல்லைன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே!"

"அவசரப்படாதீங்க," என்றார் டாக்டர். "நடிக்கிறவன் எல்லாத்துக்கும் 'அடிக்கடி'ன்னு போடுவான். நிஜமா முத்திப் போனவங்களுக்கு, மறந்ததே மறந்து போயிடும் சார். அவரைப் பத்தி பொண்ணு நிரப்பின ஃபாரத்தைப் பாருங்க."

பார்த்தார். இருபதில் பதினெட்டு, 'அடிக்கடி'!

"அவர் பூஜ்யம்ங்கிறார், பொண்ணு பதினெட்டுங்கிறாங்க. அந்த வித்தியாசம்தான் சார் வியாதி."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அம்மாவின் உடல் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போனது. ஜீப்பும் போய்விட்டது.

மகள் அப்பாவின் மடியில் விழுந்து கதறினாள்.

"நீங்களாவது மிஞ்சினீங்களேப்பா!"

அவர் அவள் தலையைத் தடவினார்.

"முப்பது வருஷம் அந்த மாதிரி ஃபாரத்துக்கெல்லாம் மார்க் கூட்டினவன்மா நான். பூஜ்யம் போடறவனைத்தான் டாக்டருங்க நம்புவாங்க."

அவள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா...! அப்படின்னா அந்த மறதியெல்லாம் நடிப்பா...? ஏம்ப்பா?"

"நாப்பது வருஷமா நான் செஞ்ச ஒரு தப்பைக்கூட உங்கம்மா மறக்கலையே!"

அவள் போனை எடுத்தாள்.

"யாரும்மா நம்புவா? அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் நிக்காதுன்னு பதினெட்டு டிக் அடிச்சவளே நீதானே?"

போன் கையிலிருந்து நழுவியது. இனி இந்த வீட்டில், இந்த மனிதரோடு, வாயை மூடிக்கொண்டு... வேறு வழியே இல்லை.

அப்பா அன்பாகச் சிரித்தார்.

"உங்கம்மா மாதிரி இருக்காதே. நீயாவது மறந்துடு!"