டீச்சரின் குரல் பயன்பாட்டில் உள்ளது

"காலையிலேர்ந்து எத்தனை தடவை என்னை ஊமையாக்குவீங்க?" என்று டீச்சர் கத்தினாள்.

கத்தினாள் என்றால், அதைத் தட்டச்சு செய்துவிட்டு ஸ்பீக்கரின் குமிழை முழுக்கத் திருகினாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல்வளையை எடுத்ததிலிருந்து அந்த வீட்டுச் சண்டை இப்படித்தான் நடக்கிறது. வீட்டுக்காரர் வாய் திறந்தால் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்வாள். அவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவாள். சொந்தத் தொண்டையில் கத்திய காலத்தில்கூட இவ்வளவு குறி தவறாமல் அடித்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

அவரும் விடவில்லை. உனக்காகத்தானே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று எகிறினார்.

"உக்காந்திருக்கிறது மட்டும் நல்லா தெரியுது" என்றது ஸ்பீக்கர்.

சோபாவில் சாய்ந்திருந்த அவள் தம்பி சிரித்தான். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியம் முடிந்ததும் ஸ்பீக்கரில் இன்னொன்று கேட்டது. மெல்லிய, ஈரமான ஓர் இழுப்பு. பேசி முடித்தவர்கள் அடுத்ததைப் பேச மூச்சு வாங்குவதைப் போல.

அதற்கு வழியே இல்லை. அறுவைக்கு முன்னால் டீச்சரை உட்காரவைத்து, வார்த்தை வார்த்தையாக அவள் குரலைப் பதிவு செய்தவர் அவர்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவிலிருந்தும் மூச்சை நறுக்கி எறிந்தவரும் அவரேதான்.

மனிதருக்குத் தெருவில் 'தனிவழி' என்று பெயர். கட்டட வரைபடம் வரைகிற தொழில். ஊரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இவர் மட்டும் வேறொன்று வைத்திருப்பார். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் வைத்திருக்கும் இயங்குதளம் அது. எழுதியவர்களே கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள். வைரஸே வராது என்று பெருமையடிப்பார். வைரஸுக்கு அதோட விலாசம் தெரியாது மாமா என்பான் மச்சான், டீச்சரின் தம்பி. அவன் செல்போன் கடை வைத்திருப்பவன், சொல்ல உரிமை உண்டு.

டீச்சரின் குரல் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு லைப்ரரியாக இருந்தது. லைப்ரரி என்றால் புத்தகமும் அலமாரியும் இல்லை; பல மென்பொருள்கள் பொதுவில் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கோப்பு. அவள் தட்டுவதைப் பேசிக்காட்டும் மென்பொருள் அதன் பழைய பதிப்போடுதான் ஒத்துப்போகும். அவர் இப்போது நிறுவப் பார்த்த தொலைபேசி மென்பொருளோ புதிய பதிப்பைத்தான் தொடும். இரண்டுக்கும் ஒரே பெயர், இருப்பதற்கு ஒரே இடம். ஒற்றைக் குளியலறை வீட்டில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி, ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே நிற்க வேண்டும். புதியதைப் போட்டால் டீச்சர் ஊமை. பழையதைத் திருப்பிப் போட்டால் போன் ஊமை. காலையிலிருந்து இதே கூத்து.

போன் எதற்கு என்றால், தம்பிக்குப் பெண் பார்த்திருந்தார்கள். தாயில்லாப் பிள்ளை, அக்காதான் வளர்த்தாள். பெண் வீட்டார் மறுநாள் அக்காவோடு போனில் பேசிவிட்டு முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். செல்போனிலேயே பேசும் செயலி இருக்கிறதே என்று தம்பி ஒன்றைப் போட்டுக் காட்டினான். விமானப் பணிப்பெண் பெல்ட்டை மாட்டச் சொல்வது போலிருந்தது. என் குரலில் பேசினால் பேசுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு அக்காவே இல்லையென்று சொல்லிவிடு என்று டீச்சர் எழுந்து போய்விட்டாள்.

தம்பி கடைக்குக் கிளம்பினான். அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அவர் தனியாக உட்கார்ந்தார்.

திரையில் வெயில் கூசாமல் இருக்க ஜன்னலை மூடியிருந்ததால் அறை பழுப்பு வெளிச்சத்தில் ஊறிக்கிடந்தது. சூடேறிய தூசியின் வாடை, மின்விசிறியின் கிறீச், பெட்டிக்குள் எதையோ ஓயாமல் சுரண்டுவது போன்ற வட்டின் சத்தம், எல்லாம் சேர்ந்து அவர் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தன. நிறுவும்போது அந்தச் சிஸ்டம் வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்த லைப்ரரியை வேறொன்று பயன்படுத்துகிறது, இருந்தும் மாற்றவா? இதுவரை ஒவ்வொரு முறையும் பயந்து, சுற்றுவழியில் போய்ப் பார்த்தவர், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஆம் என்று அழுத்தினார்.

சட்டென்று முடிந்துவிட்டது. இரண்டு மென்பொருளும் ஒன்றாகத் திறந்தன, ஒரு பிழைச் செய்திகூட இல்லை. தும்மினால்கூடப் பிழை காட்டும் சிஸ்டம் அது.

சோதித்துப் பார்க்கக் கம்ப்யூட்டரிலிருந்தே தம்பியின் எண்ணை அழுத்திவிட்டு, நீ வந்து பேசு என்று அவளைக் கூப்பிட மாடிப்படி ஏறினார். பாதிப் படியில், கை நிறையத் துணியோடு அவள் எதிரே வந்தாள். அப்போது அவர் செல்போன் அடித்தது. தம்பி. குரல் தழுதழுத்தது.

"மாமா, அக்கா அப்படியே பழைய மாதிரி பேசுறா மாமா. சாப்பிட்டியான்னு கேட்டா. இந்தச் சட்டையோட பொண்ணு வீட்டுக்குப் போகாதேன்னு திட்டுறா."

அவர் மனைவியைப் பார்த்தார். இரண்டு கையிலும் துணி. உதடு மூடியிருந்தது.

"இருங்க மாமா, இன்னொரு போன்ல அவ லைன்லதான் இருக்கா. முடிச்சிட்டு வர்றேன்."

கீழே, சாத்திய கதவுக்குப் பின்னால், பேச்சுக் குரல் கேட்டது. தாழ்ந்த குரல், சொந்தக்காரர்களிடம் மட்டும் பேசுகிற குரல். நடுவே ஒரு சிரிப்பு.

சிரிப்பை அவர் பதிவு செய்யவே இல்லை.

படியிறங்கினார். கதவைத் தள்ளினார். நாற்காலி காலி. விசைப்பலகையில் யாரும் இல்லை. திரையின் ஓரத்தில், லைப்ரரியைப் பயன்படுத்துவோர்: மூன்று. இருக்க வேண்டியது இரண்டு. பேசும் மென்பொருளை மூடினார். இரண்டு. தொலைபேசியை மூடினார்.

ஒன்று.

குரல் நிற்கவில்லை.

யார் என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தார். பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. கோப்பை நீக்கச் சொன்னார். நீக்க முடியாது. பயன்பாட்டில் உள்ளது. மறுபடி. பயன்பாட்டில் உள்ளது. மறுபடி. வியர்வையில் சுட்டெலி வழுக்கியது.

துணி தரையில் விழுந்தது. டீச்சர் அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பேசும் மென்பொருளைத் திறந்து, யார் நீ என்று தட்டினாள். சத்தமில்லை. குமிழை முழுக்கத் திருகினாள். இல்லை. பொத்தானை அடித்தாள், அடித்தாள், விரல் நோக அடித்தாள்.

ஸ்பீக்கரில் மூச்சு. உள்ளே. வெளியே.

"நான் பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க பேசாதே" என்றது அவள் குரல். வகுப்பறைக் குரல். அவளிடம்தான் சொன்னது.

அவர் மின்கம்பியைப் பிடுங்கினார். திரை அணைந்தது. விசிறியும் வட்டும் அடங்கின.

"அக்கா இங்க இருக்கேன்டா, சொல்லு" என்று முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் குரல் நின்றது.

மறுநாள் சாயங்காலம் பெண் வீட்டார் சம்மதம் சொன்னார்கள். அக்கா காலையில் தானாகவே போன் செய்து என்ன கலகலப்பாகப் பேசினார்கள் என்று ஒரே புகழ்ச்சி. பிடுங்கிய மின்கம்பி அப்போது அவர் பீரோவுக்குள் பூட்டியிருந்தது. அந்த வாரமே இரண்டு பேரும் நான்கு தெரு தள்ளி வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். கம்ப்யூட்டரைத் தூக்க யாரும் கை வைக்கவில்லை. பழைய வீட்டைப் பூட்டிவிட்டார்கள். வாடகைக்குக் கேட்டுப் போனவர்களுக்கு, உள்ளே ஆள் இருக்கிறதே என்று சந்தேகம்.

தம்பியின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கையெழுத்துப் போட்டு முடித்து எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது அவன் செல்போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. அக்கா அவன் பக்கத்தில்தான் இருந்தாள், மடியில் எழுதிக்காட்டும் சிலேட்டோடு. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானில் விரல் பட்டுவிட்டது. அதனால் தனிவழிக்கும் கேட்டது. அந்தக் குரல் வாழ்த்துச் சொன்னது. பெண் அழகாக இருக்கிறாளா என்று விசாரித்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"உன் பக்கத்துல உக்காந்திருக்காளே, அவ யாருடா?"

தம்பி திரும்பி டீச்சரைப் பார்த்தான். பதில் தெரியாதவன் பார்க்கிற பார்வை.

இப்போது அவனும் அந்தப் பெண்ணும் வெகுதூரம் போய்க் குடியிருக்கிறார்கள். கடை அங்கே நன்றாக ஓடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமையானால் அக்காவோடு அரை மணி நேரமாவது போனில் பேசாமல் இருக்க மாட்டானாம், அவன் மனைவியே பெருமையாகச் சொல்கிறாள்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அடிப்பதில்லை.