மூச்சு விடும் இடம்

மாலை ஐந்து மணிக்குச் செல்வின் பருவ இல்லத்தின் கண்ணாடிச் சுவருக்கு முன் வந்து நின்றான். அறுபத்து மூன்று நாட்களாக இதே நேரம், இதே இடம். உள்ளே அவனுடைய நான்கு வயது மகள் ஜோவிதா மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மூச்சுமானிக் குழாயில் ஊதினாள். கிருமி இல்லை என்று பச்சை விளக்கு எரிந்தது. மழையும் ஓய்ந்துவிட்டதால் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள்.

தூத்துக்குடியில் ஐப்பசி பிறந்தால் அந்தச் சளிக் கிருமியும் வந்துவிடும். பெரியவர்களுக்கு நாலு நாள் மூக்கடைப்பு, அவ்வளவுதான். கைக்குழந்தையோ பால் குடிக்க முடியாமல் மூச்சுக்குத் திணறும். தடுப்பூசிக்கு அடங்காத புதிய வகை பரவியபின் சட்டம் வந்தது: கைக்குழந்தை இருக்கிற வீட்டில், மழைக்காலம் முடியும்வரை ஐந்து வயதுக்குட்பட்ட அண்ணனோ அக்காவோ இருக்கக் கூடாது. பெரியவர்கள் முகக்கவசத்தோடு இருந்துகொள்வார்கள். சிறுபிள்ளைகள் கழற்றி எறிந்துவிடுவார்கள்; அதனால் அவர்களை மட்டும் பருவ இல்லத்தில் விட வேண்டும்.

ஜோவிதாவை அங்கே விடச் செல்வின் கையெழுத்துப் போட்ட அன்று அவன் மனைவி பிரிசில்லா சாப்பிடவில்லை. ஆனால் இந்த வருஷம் ஊரில் ஒரு குழந்தையைக்கூடப் பறிகொடுக்கவில்லை. அவர்களுடைய மூன்று மாத மகனும் கொழுகொழுவென்று இருந்தான். சட்டத்தைக் குறைசொல்லச் செல்வினுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜோவிதா தொட்டிலுக்கு ஓடினாள். தம்பியை எட்டிப் பார்த்தாள். உடனே வாசலுக்கு ஓடினாள். திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். மூன்றாவது தடவைதான் செல்வின் கவனித்தான்: கன்னம் உப்பி, முகம் சிவந்திருந்தது. பின்னாலேயே போய், என்ன செய்கிறாய் என்று கேட்டான்.

"மூச்சு விட்டுட்டு வாரேன்ப்பா. உள்ள விட்டா தம்பி செத்துருவாம்லா."

"யாரும்மா அப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு பச்சையாக எரிந்ததையும், மழைக்காலம் முடிந்துவிட்டதையும், அவள் மூச்சால் தம்பிக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் பொறுமையாகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிரிசில்லா குழந்தையைக் கொண்டுவந்து ஜோவிதாவின் மடியில் கிடத்தினாள். தம்பி அக்காவின் முகத்துக்கு நேரே ஒரு தும்மல் போட்டான். ஜோவிதா கலகலவென்று சிரித்துவிட்டாள்.

மறுநொடி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தப்பு செய்துவிட்டவள் போல அப்பாவைப் பார்த்தாள்.

செல்வின் அந்தக் கைகளை மெதுவாக விலக்கினான். ஒன்று வந்தது. மற்றதை அவள் விடவில்லை. தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.