ஜார்ஜின் பாஸ்வேர்ட் மட்டும்

திங்கட்கிழமை காலை மதலேனா கொட்டகையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது, அது ஜார்ஜைத் தவிர எல்லாரையும் நினைவில் வைத்திருந்தது.

சனிக்கிழமை அவள்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லி, டிஸ்க்கில் சேமித்துவிட்டுப் போனாள். தங்கராஜுவின் கூட்டத்து ஆட்கள் அத்தனை பேருடையதும் அப்படியே இருந்தது. அன்று சாயங்காலமே கை நசுங்கி, எம்சி என்ற மருத்துவ விடுப்பில் வீட்டில் கிடக்கும் ஒலி முகம்மதுவினுடையதுகூட இருந்தது. அவள் தம்பி ஜார்ஜின் பெயருக்கு நேரே மட்டும் வெறும் பச்சைக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து முடி கருகுவதுபோல் லேசான வாடை வந்தது. வயர் சூடாகியிருக்கும் என்று நினைத்து மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

எண்பத்து நான்காம் வருடம். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் கடலோரத்தில் இருந்த அந்தக் கப்பல் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையை மேன்ஹோல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஒருத்தன் வில்லையை இன்னொருத்தன் மாட்டுகிறான் என்று கண்டுபிடித்த மேலிடம், கப்பல் நிற்கும் டாக் ஓரத்துத் தகரக் கொட்டகையில் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது. இனி அவனவன் தன் பாஸ்வேர்டைத் தானே அடிக்க வேண்டும். அடித்தால் பெயருக்கு நேரே 'உள்ளே' என்று வரும். ஏறி வந்து மறுபடி அடித்தால் 'வெளியே' என்று மாறும். பாஸ்வேர்ட் இல்லாதவனுக்குத் தொட்டி இல்லை.

"என்னக்கா, உன் மெஷினுக்கு என்னைப் பிடிக்கலையா?" ஜார்ஜ் கதவில் சாய்ந்து நின்று சிரித்தான்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துருச்சு லா," என்றார் கங்காணி தங்கராஜு.

மதலேனா மறுபடி அடித்துச் சேமித்தாள். 'டைகர்'. கடற்படைத் தளத்துக் கூலி லயத்தில் அவர்கள் வளர்த்த நாயின் பெயர். அம்மா செத்தபோது ஜார்ஜுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினைந்து. அப்பா நிலக்கரி சுமந்துவிட்டு வந்து குடித்துவிட்டுக் கிடப்பார். குளிப்பாட்டிச் சோறூட்டி அடித்து வளர்த்தது அவள்தான். கல்யாணம் அவளுக்கு வரவில்லை, அவளும் தேடவில்லை.

மத்தியானம் பார்த்தால் டைகர் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. இரண்டு நாளும் ஜார்ஜ் மேல்தளத்தில் துரு சுரண்டினான்.

புதன்கிழமை டவுனிலிருந்து காதர் மைதீன் வந்தார். கம்ப்யூட்டர் விற்ற கடையின் பழுது பார்க்கிறவர். சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர், வாயில் ஓயாத பேச்சு. டிஸ்க்கை மாற்றினார். விசைப்பலகையைக் கழற்றிக் கவிழ்த்து மேசையில் தட்டினார். கருப்பாக, மெல்லிசாக, சுருண்ட துணுக்குகள் உதிர்ந்தன.

"கரியா?" என்றாள் மதலேனா.

"பட்டறைப் புழுதிதான்கா."

அவள் ஒன்றைத் தொட்டாள். புழுதியாக இல்லை. பிசுபிசுப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது. பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

காதர் மைதீன் எல்லாருடைய பாஸ்வேர்டையும் புதிதாகச் சேமித்து, பெட்டியை அணைத்துப் போட்டார். வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஜார்ஜுக்கு நேரே மறுபடி வெறும் கோடுதான். மூன்று முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகினார்.

"டிஸ்க் கெட்டா எல்லாரும் போகணும்கா. ஒருத்தர மட்டும் எப்படி? அதுக்கு உங்க தம்பிய எப்படித் தெரியும்?"

அவள் ஊற்றி வைத்த கோப்பியைக் குடிக்காமலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்றிரவு மதலேனா மாதா படத்தின் முன்னால் மண்டியிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டாள். ஒன்று மட்டும் தோன்றியது. இந்தப் பெட்டி மறக்கிற வரைக்கும் அவன் அந்தக் குழிக்குள் இறங்கப்போவதில்லை. அது நல்லதுதானே?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கப்பல் மறுநாள் கிளம்ப வேண்டும், தொட்டியின் அடியில் எண்ணெய்ச் சேறு இன்னும் முழங்கால் அளவு கிடந்தது. தங்கராஜு நனைந்துகொண்டே கொட்டகைக்குள் வந்தார்.

"மூணு பேர வச்சு நான் என்னத்தம்மா அள்றது? ஒலி எம்சியில இருக்கான். அவனோடத அடிச்சு இவன இறக்கு."

"அது தப்புண்ணே."

"தப்புன்னா பேனாவும் கையுமா நீ வந்து அள்ளு."

"அக்கா, வில்லை இருந்தப்பவும் இப்படித்தானே செஞ்சோம்?" ஜார்ஜ் ஏற்கெனவே ரப்பர் பூட்ஸைப் போட்டிருந்தான். "துரு சுரண்டி என் பல்லெல்லாம் கூசுது. அடிக்கா."

ஒலி முகம்மதுவின் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியும், அவள் சேமித்ததுதான். விசைமேல் விரலை வைத்ததும் கருகல் வாடை மூக்கில் ஏறியது. மழைவாடையை மீறி, எண்ணெய்வாடையை மீறி, வாணலியில் விட்டுப்போன கறிபோல. மற்ற இருவரும் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அவள் அடித்தாள். பெட்டி ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஒலி முகம்மது: உள்ளே.

ஜார்ஜ் அவள் தட்டிலிருந்த பாதிக் கறிபாப் பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

மழை தகரத்தில் இறங்கியது. எண்ணெய் ஆவி தேங்காதபடி தொட்டிக்குள் காற்றடிக்கும் ப்ளோவரின் இரைச்சல், சேற்றை உறிஞ்சும் பம்பின் இருமல், இரும்பில் மண்வெட்டி உரசுவது எல்லாம் மழைக்குள்ளிருந்து தூரமாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் அந்த நான்கு பெயர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி வாக்கில் ப்ளோவர் நின்றது. யாரோ கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். அவள் கை மேசையில் இருந்தது, விசைப்பலகையில் இல்லை.

ஒரு விசை தானாக அமுங்கியது.

அவள் எழுந்தாள். தரை அவளைத் தூக்கி எறிந்தது.

சத்தம் பிறகுதான் வந்தது. கண்ணாடி வந்து கன்னத்தைக் கிழித்தது. மேன்ஹோல் வாயில் நின்ற தங்கராஜுவின் உடம்பு கிரேன் தண்டவாளத்தில் மடிந்து கிடந்தது, தலை இருந்த இடத்தில் மழை பெய்தது. கூரையில் எதுவோ விழுந்து உருண்டு வாசலில் வந்து நின்றது. பூட்ஸ். உள்ளே கால் இருந்தது. ஒலி முகம்மதுவின் கூட்டாளி ஒருத்தனின் கால். பெரிய பாதம். ஜார்ஜுக்குச் சின்னப் பாதம். அவள் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். தார்ப்பாயில் சுற்றி, பிடித்த இடத்தில் தோல் கையோடு வர, வாந்தி எடுத்துக்கொண்டே தூக்கி வந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி அப்துல் காதர் கையில் நனைந்த காகிதத்தோடு நின்றார்.

"ஜார்ஜ் இன்னும் உள்ள இருக்கான் சார். என் தம்பி!"

"லிஸ்ட்ல ஜார்ஜ் இல்லையேம்மா."

"ஒலி பேர்ல இறங்கினான். நான்தான் அடிச்சேன்!"

"ஒலி வீட்ல இருக்கார். போன் போட்டுக் கேட்டாச்சு."

"அது ஒலி இல்ல சார், ஜார்ஜ்!"

அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவளைவிடப் பயந்த கண்கள். "இன்னொருவாட்டி வெடிச்சா டாக்கே போயிரும். அந்தத் தீயில யாரும் இருக்க முடியாதும்மா." பிறகு திரும்பிக் கத்தினார். "மூடுங்க. தண்ணிய விடுங்க."

அவள் ஒருவன் கையைக் கடித்தாள். நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிவந்து கொட்டகைக்குள் போட்டு, வெளியே தாழிட்டார்கள். மேன்ஹோல் மூடி இரும்பில் இறங்கியது. அது அவள் பல்லில் கேட்டது.

பட்டறை முழுக்க மின்சாரம் அறுபட்டிருந்தது. பெட்டியின் வயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது.

திரையில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

விசைகள் அமுங்கின. முதல் பெயருக்கு நேரே 'வெளியே' வந்தது. இரண்டாவது. மூன்றாவது. அமைதியாக, வேலை முடிந்து போகிறவர்கள் வரிசையில் நின்று அடிப்பதுபோல. ஒவ்வொரு முறையும் விசைமேல் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு மிஞ்சியது.

பிறகு டி. ஐ. ஜி. இ. ஆர்.

பாஸ்வேர்ட் தவறு.

டாக் பக்கமிருந்து, இரும்பின் உள்பக்கத்திலிருந்து, ஒரு தட்டு.

"இருடா," என்றாள். "இரு, இரு."

அவன் பெயரை அடித்தாள். டைகர். சேமித்தாள். சேமித்தாயிற்று என்று வந்தது. கையை எடுத்தாள். விசைகள் அமுங்கின.

பாஸ்வேர்ட் தவறு.

மறுபடி சேமித்தாள். மறுபடி தவறு. தண்ணீர் தொட்டிக்குள் பாய்வது கேட்டது. தட்டு வேகமாக வந்தது. ஒலியின் பாஸ்வேர்டை அவள் விரல்கள் தேடின. விசைகள் இடம் கொடுக்கவில்லை. அவள் விரலுக்கு மேல் சூடாக, ஈரமாக, இன்னொரு விரல் இருந்தது. நாலு வயதில் அவள் பிடித்து எழுதப் பழக்கிய விரல். அது அவளைத் தள்ளிவிட்டுத் தானே அடித்தது.

தவறு.

தோல் உரிந்து எழுத்துகளை மூடியது.

தவறு.

அவள் சேமித்தாள். அவன் அடித்தான். சேமித்தாள். அடித்தான். தட்டு நின்றுபோயிருந்தது. தண்ணீர்ச் சத்தமும் நின்றுபோயிருந்தது. விசைகள் நிற்கவில்லை. அவற்றின் ஓசை மட்டும் மாறியிருந்தது. மெத்தென்று இல்லை இப்போது. கடக், கடக்கென்று, பிளாஸ்டிக்கில் எலும்பு படும் ஓசை.