அம்மா டம்ளர் வைத்த விதம்

அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இன்றோடு இரண்டு நாள். மூன்று நாளைக்கு வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வேலை என்றால் பரவாயில்லை. என் அம்மா இரண்டாம் வகுப்புக்கு ஆங்கில டீச்சர்.

அதுவும் இன்றைக்குத்தான் தலைமை ஆசிரியை வகுப்பில் உட்கார்ந்து அம்மா பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் அம்மாவின் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் நாங்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று வருஷத்தில் எனக்கு இது மூன்றாவது பள்ளி. இப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் எனக்கென்று ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். அவளை விட்டுப் போக எனக்குத் துளிகூட விருப்பமில்லை.

"இன்னொரு நாள் வரச் சொல்லலாமேம்மா?" என்று காலையில் கேட்டேன்.

அம்மா குறிப்பேட்டில் எழுதிக் காட்டினாள். ‘அவங்க பார்த்து முடிவு பண்ண இன்னைக்குத்தான் கடைசி நாள்.’

ஆகவே அம்மாவின் வகுப்புக்கு நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கு இங்க?"

"அம்மா போர்டுல எழுதுறதைப் படிச்சுச் சொல்றதுக்கு, மேடம்."

"படிக்கலாம். ஆனா பாடம் உங்கம்மாதான் நடத்தணும். நீ ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாக்கூட நான் எழுந்து போயிடுவேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் என் பட்டப்பெயரே வக்கீல்தான். அந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அம்மா போர்டில் ‘அட்வெர்ப்’ என்று எழுதினாள். ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல் அது என்று அடுத்த வரியில் எழுதினாள். பிறகு ஆங்கிரிலி, ஜென்ட்லி, ஸ்லோலி, ஸேட்லி, ஹேப்பிலி என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். நானும் படித்துக்கொண்டே போனேன். முப்பது பிள்ளைகளும் சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

அம்மா எழுதத் திரும்பிய நேரம் பார்த்து, ‘வால்’ என்று பெயர் வாங்கிய முதல் பெஞ்சுப் பையன் பக்கத்தில் இருந்தவனின் பென்சில் டப்பாவைத் தட்டிவிட்டான். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டு ‘சந்தேகம்’ என்று பெயர் வாங்கிய குட்டிப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எப்படின்னா என்ன டீச்சர்?"

பழக்கதோஷத்தில் அம்மா வாயைத் திறந்துவிட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. வகுப்பே சிரித்தது.

தலைமை ஆசிரியை ஏதோ எழுதினார். அம்மாவின் விரலிலிருந்து சாக்பீஸ் நழுவி விழுந்தது. பதில் என் நுனிநாக்கில் துடித்தது. சொன்னால் எல்லாம் போச்சு.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தேன். அம்மாவால் திட்ட முடியவில்லை. ஆனால் அவள் என் முன்னால் டம்ளரை வைத்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் துண்டை எடுத்துக் காயப்போட்டேன்.

சட்டென்று அம்மாவின் குறிப்பேட்டை இழுத்து எழுதினேன். ‘நேத்து என் முன்னாடி டம்ளர் வச்சியே, அப்படி வை.’

அம்மா அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள். தலைமை ஆசிரியையின் பேனா நின்றது.

டங்!

முப்பது முதுகும் நிமிர்ந்தன. அம்மா இடுப்பில் கை வைத்து வாலை முறைத்தாள்.

"கோவமா வச்சாங்க," என்று அவன் முனகினான்.

அம்மா போர்டைத் தட்டிக் காட்டினாள். அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடினான். "ஆங்கிரிலி?"

அம்மா தலையாட்டினாள். மறுபடியும் டம்ளரை எடுத்து, பக்கத்தில் பாப்பா தூங்குவது போலச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"ஜென்ட்லி!" என்று பாதி வகுப்பு கத்தியது.

அடுத்து டம்ளர் நத்தை போல ஊர்ந்து இறங்கியது. "ஸ்லோலி!" என்றது மீதி வகுப்பு.

அப்புறம் அம்மா டம்ளரைச் சந்தேகத்திடம் நீட்டினாள். அவள் தலையைத் தொங்கப்போட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை வைத்தாள். "ஸேட்லி!" வாலுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓடி வந்து, திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்து, டம்ளரை மேஜைக்கு அடியில் வைத்தான். அதற்கான சொல் போர்டிலேயே இல்லை.

"டீச்சர், இதுக்கு என்ன டீச்சர்?" என்று அவனே கேட்டான். அம்மா ‘சீக்ரெட்லி’ என்று எழுதினாள். நான் படிப்பதற்குள் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள்.

தலைமை ஆசிரியை எழுந்தார். அவர் முன்னால் நடந்து வந்து, ஒரு தாளில் என்னவோ எழுதி, அம்மாவின் மேஜையில் வைத்தார். கோபமாக வைத்தாரா, அன்பாக வைத்தாரா, எனக்குப் பிடிபடவே இல்லை. அப்படியே வெளியே போய்விட்டார்.

அம்மா தாளைப் படித்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்குக் கிட்டப் போய்ப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

"ஸேட்லி," என்றான் வால் மெல்ல.

"இல்லடா, அவங்க வாயைப் பாரு," என்றாள் சந்தேகம். "ஹேப்பிலி அழறாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னதுதான் சரி என்று தலையாட்டினாள்.