கேஸை மூடு!

"மூக்கைப் பொத்தாதே சார். பொத்துனா வாய் வழியா பூந்துக்கும்!"

"எதுய்யா?"

"நாத்தம்தான். வேற இன்னா கீது இங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் தேசப்பன் கைக்குட்டையை இறக்கினான். அழுகின முட்டை வாடை தொண்டைக்குள் இறங்கி, காலையில் தின்ற இட்லியைத் தேடிப் பிடித்து உலுக்கியது.

"நீ யாரு?"

"வேலப்பன் சார். கேஸ் கொழாய்ச் சக்கரம் சுத்தறவன். கேஸைத் தொறக்கறது, மூடறது... ரெண்டும் நான்தான். கொஞ்சம் சத்தமா பேசு சார். உலை பக்கத்துலயே குந்திகினு காது மந்தமாப் பூடுச்சி."

"பொணம் எங்கே?"

"கால்கிட்ட பாரு சார்... இன்னும் ஒரு அடி வச்சா நீயும் உள்ள!"

தேசப்பன் துள்ளிப் பின்வாங்கினான்.

கீல் குழி!

நிலக்கரியைச் சுட்டு வாயுவைப் பிழிந்தபிறகு மிஞ்சும் கறுப்புச் சாறு தேங்குகிற குழி. அதன் ஓரத்தில், கொக்கி போட்டு இழுத்துக் கிடத்தியிருந்தார்கள்.

கழுத்துக்குக் கீழே மனிதன் என்று சொல்ல ஏதுமில்லை. கறுப்புப் பிசின். முகத்தை மட்டும் யாரோ மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்திருந்தார்கள்.

அந்தப் பிணத்தில் ஈ கூட உட்காரவில்லை. ஈக்கும் குமட்டியிருக்கும்!

"மாரியப்பன் சார். உலையில கரி தள்றவன்."

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

"அடப்பாவி மனுசா! கடல்ல செத்துப் பூடிருந்தா மீனாச்சும் தின்னிருக்குமே... இந்தக் கலீஜுக் குழியில புழு கூட நொழையாதே!"

கெங்கம்மா. மாரியப்பனின் மனைவி. காத்திவாக்கத்துக் குப்பத்திலிருந்து ஓடி வந்தவள். தலைமுடி அவிழ்ந்து, ஈர மணல் ஒட்டிய கால்களோடு, பிணத்தின் மேல் விழப் போனவளை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவளை விடாதீங்க! கொலைகாரி!"

தேசப்பன் திரும்பினான்.

வெள்ளைச் சட்டை. வெள்ளை பேண்ட். மூக்கருகே அத்தர் தடவிய பஞ்சு. மேனேஜர் நீலமேகம்!

"நேத்து கேட்டுக்கு வெளியே ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை மிஸ்டர் தேசப்பன். கூழைக் கொடுத்துட்டுப் போனா. குடிச்சவன் வாந்தி எடுத்தான். தள்ளாடினான். குழியில விழுந்தான். கூழ்ல அரளி விதை! இதைவிடத் தெளிவா என்ன வேணும்? இந்தக் கேஸ் எப்போ சார் முடியும்?"

"கரி கீற வரைக்கும் முடியாது சார்!" என்றான் வேலப்பன்.

"செவிட்டு முண்டம்! நான் போலீஸ் கேஸைச் சொன்னேன்."

"ஓ... அந்தக் கேஸா!"

கெங்கம்மா திமிறினாள்.

"சண்டை போட்டேன் தொரை! இல்லேன்னு சொல்லல. தெனம் மண்டைய இடிக்குதுன்னு வூட்டுக்கு வந்து வாந்தி எடுத்துகினு கெடந்தா, எந்தப் பொண்டாட்டி சும்மா இருப்பா? இந்த எழவு வேலை வாணாம், கட்டுமரத்துக்கே போலாம் வான்னுதான் கத்துனேன்!"

"கதை விடறா!"

"கதையா? எங்க அந்தத் தூக்கு? இந்தா... பாரு நைனா!"

யாரும் தடுப்பதற்குள் பாய்ந்தாள். குழியோரம் கிடந்த தூக்கின் மூடியைத் திறந்தாள். அடியில் புளித்து நுரைத்த கூழ். அதில் செத்து மிதந்த ஒரு வண்டு.

மடக்... மடக்... மடக்!

வண்டோடு குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இப்ப நானும் சாவறனா பாரு. சாயங்காலம் வரைக்கும் இங்கயே குந்திகினு கீறேன்!"



மேனேஜரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு நிழல் ஓடியது.

* * *

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

மேனேஜரின் ஆபீஸ் போன். இன்ஸ்பெக்டர் பாலகுரு.

"என்னய்யா பண்ணிட்டிருக்கே?"

"சார், அந்தப் பொம்பளை கூழைக் குடிச்சிட்டா..."

"சாட்சியத்தையே குடிச்சிட்டாளா! நீ என்னத்தைப் புடுங்கிட்டு இருந்தே? சரி. விலங்கு மாட்டு."

"சார், விஷம் இருந்தா அவளும்..."

"அரளி மெதுவாத்தான் வேலை செய்யும். நீலமேகம் நம்ம ஆளு. நேத்து அவர் வீட்டுப் பிரியாணி இன்னும் என் வயித்துல இருக்கு. சாயங்காலம் நானே வரேன். அதுக்குள்ள கேஸை மூடணும். புரிஞ்சுதா?"

டொக்!

தேசப்பன் ரிசீவரைப் பார்த்தான். அதுகூட நாறுவது போல் இருந்தது.

படிக்கிற காலத்தில் அவனுக்குப் பனி பெய்யும் ஊர்களின் கதைகள் என்றால் உயிர். எல்லாக் கதையிலும் தெருவோரம் ஒரு கேஸ் விளக்கு எரியும். அதன் மஞ்சள் வட்டத்தில் ஒரு பெண் யாருக்காகவோ காத்திருப்பாள். அந்த வெளிச்சத்தை நினைத்துக்கொண்டே தூங்கிப் போவான்.

அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் இப்படி ஒரு குழி இருக்கும் என்று எந்தக் கதையும் அவனுக்குச் சொல்லவில்லை!

திருவொற்றியூர் சாலையோரம் இந்த கேஸ் ஒர்க்ஸை வெள்ளைக்காரன் கட்டியபோது சுற்றிலும் சவுக்குத் தோப்பு. கப்பலில் கரி வந்தது. உலையில் வெந்தது. வாயு குழாய் வழியே ராயபுரம் கிடங்குகளுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும் ஓடியது. பிறகு கரண்ட் வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கட்சி மாறின. சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். நாற்றத்தை மட்டும் எடுத்துப் போகவில்லை.

இப்போது கேஸுக்கு மிச்சம் சில கிடங்குகளும், காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கும் மேனேஜர் பங்களாவும்தான். ஒர்க்ஸை வாங்கிக்கொள்ள பம்பாயில் ஒரு பார்ட்டி சம்மதித்திருந்தது.

தேசப்பன் மறுபடி குழிக்கு நடந்தான். குனிந்தான்.

அந்த முகம்...

ராத்திரி முழுக்கக் கீலில் ஊறிய பிணம் வெளுத்திருக்க வேண்டும். நீலம் பாரித்திருக்க வேண்டும். ஆனால் மாரியப்பனின் கன்னம்... இளஞ்சிவப்பு! இப்போதுதான் வெற்றிலை போட்டுச் சிரித்தவன் மாதிரி!

எங்கோ பார்த்திருக்கிறோமே...

ஊட்டி! குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய இரண்டு கான்ஸ்டபிள்கள். காலையில் கதவை உடைத்தபோது இதே ரோஜா நிறம்! கரியின் விஷவாயு ரத்தத்தில் ஏறினால் வருகிற நிறம் என்று டாக்டர் சொன்னாரே!

அரளி இல்லை. குழியும் இல்லை. திறந்த வெளியில் வாயு சேராது. இவன் செத்தது ஏதோ மூடின இடத்தில்!

செத்த பிறகுதான் குழிக்கு வந்திருக்கிறான்.

மண்ணெண்ணெய்த் துணியால் பிணத்தின் விரல்களைத் துடைத்தான். கறுப்பு போனது. நகக்கண்ணில்...

நீலம்! அடர் நீலம்!

"வேலப்பா! இந்த நீலம் எங்கே இருக்கு?"

"நீலப்பொட்டியில சார்."

* * *

அது ஒரு பெரிய இரும்புப் பெட்டி. ஆள் குனிந்து இறங்கும் அளவுக்கு ஒரு வாய். உள்ளே மரத்தூளும் இரும்புத் துருவும் கலந்து பரப்பியிருந்தது.

"கேஸு இதுக்குள்ள பூந்து, நாத்தத்தை உட்டுட்டுப் போவும் சார். நாத்தம் ஏற ஏறத் தூளு நீலமாப் பூடும். கட்டி தட்டிச்சின்னா வெளக்கு மங்கும். ஆள் எறங்கிக் கிளறி உடணும்."

தேசப்பன் தலையை நீட்டினான். அவ்வளவுதான்! காலை இட்லி வெளியே வந்து விழுந்தது.

"இதுக்குள்ளயா மனுஷன் இறங்கறான்?"

"மனுசன் எறங்க மாட்டான் சார். நாங்கதான்."

"இறங்கறப்போ கேஸை மூடிடுவீங்க இல்லே?"

"மூடணும். முன்னாடி மாத்துப் பொட்டி ஒண்ணு இருந்திச்சி. அதுல திருப்பி வுட்டுட்டு இத்தக் கிளறுவோம். மேனேஜரு அத்தப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. இப்ப மொத்தமா மூடுனாத்தான் உண்டு. மூடுனா பங்களா வெளக்கெல்லாம் அவுட்டு!"

தேசப்பனின் கண்கள் சுருங்கின.

"நேத்து பங்களாவுல என்ன?"

"விருந்து சார்! பம்பாய்க்காரங்கோ, உங்க இன்ஸ்பெக்டரு, எல்லாரும் வந்தாங்கோ. வெளக்கு ஜெகஜோதியா எரியணும், அத்தப் பாத்துத்தான் ஒர்க்ஸை வாங்குவாங்கோன்னு ஐயா குதிச்சிகினு இருந்தாரு."

"யார் சொன்னா நீ சக்கரத்தைச் சுத்துவே?"

"மேனேஜரு வாயால சொல்லணும்."

"வேற யார் சொன்னாலும்?"

"மாட்டேன். போலீஸு சொன்னா சுத்துவேன். எனக்கு இன்னா ரெண்டு தலையா கீது?"

தேசப்பன் அவன் தோளைப் பிடித்தான்.

"நேத்து விளக்கு எரிஞ்சுட்டு இருக்கும்போது மாரியப்பன் இந்தப் பெட்டிக்குள்ள இறங்கினானா?"

வேலப்பனின் பார்வை பங்களா ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"இன்னா சார் சொன்ன? காது கேக்கல."

"மாரியப்பன்... இந்தப் பெட்டிக்குள்ள..."

"சுத்தமா கேக்கல சார்!"

* * *

சூரியன் உலைப் புகைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

காலையிலிருந்து விலங்கோடு உட்கார்ந்திருந்த கெங்கம்மா, தேசப்பனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நான் இன்னும் சாவல நைனா. பசிக்குதுகூட! ஜெயில்ல போட்டா என் ரெண்டு பொண்ணுங்களுக்கு எவன் சோறு போடுவான்? புருசனைத் தின்னவளோட பொண்ணுன்னு எவன் கட்டுவான்? மெய்யாலுமே கேக்கறேன்... சொல்லு!"

அவனிடம் ரோஜா நிறமும் நீல நகமும் இருந்தன. அவளுக்கு வேண்டியது சாட்சி சொல்ல ஒரு வாய்!

பங்களா எதிரிலேயே இருந்தது. எல்லா ஜன்னலும் இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கேஸ் விளக்குகள் மஞ்சளாய், கனவாய் எரிந்தன. உள்ளே கிளாஸ் சிணுங்கல். மதுவிலக்கு ஊருக்கு. பங்களாவுக்கு அல்ல!

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் பாலகுரு வராந்தாவுக்கு வந்தார். கூடவே ஒரு ஏப்பம்.

"என்னய்யா, முடிஞ்சுதா?"

"சார், இது விஷம் இல்லை. விஷவாயு. கேஸ் ஓடும்போதே மாரியப்பனை நீலப்பெட்டிக்குள்ள இறக்கியிருக்காங்க. அவன் உள்ளேயே செத்திருக்கான். அப்புறம்தான் குழியில..."

"யாரு இறக்கினா?"

"மேனேஜர். நேத்து உங்க விருந்துக்கு விளக்கு அணையக்கூடாதுன்னு!"

இன்ஸ்பெக்டரின் கையில் ஒரு கோழிக்கால் இருந்தது. அதைக் கடிக்கலாமா வேண்டாமா என்று ஒரு விநாடி யோசித்தார். கடித்தார்!

"சாட்சி?"

"பிணத்தோட நிறம் சார்... நகத்துல நீலம்..."

"கோர்ட்டுல போய் ஹோலிப் பண்டிகை கொண்டாடப் போறியா? பேசற சாட்சி இருக்கா?"

தேசப்பன் வேலப்பனைப் பார்த்தான். வேலப்பன் சக்கரத்தருகே நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"இல்லே சார்... ஆனா..."

"என்ன ஆனா? கண்டதையும் கிளறாதே! அவளை வண்டியில ஏத்து!" இன்ஸ்பெக்டரின் குரல் கூரையைத் தொட்டது. "கேஸை மூடுய்யா! இப்பவே மூடு!"

கெங்கம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போது...

கிறீச்... கிறீச்... கிறீச்...

ஒரு இரும்புச் சக்கரம் சுற்றியது!

பங்களா வாசல் விளக்கு மங்கியது. நீலமானது. பொக்! ஹால் விளக்கு... பொக்! மாடி விளக்கு... பொக்!

மொத்த பங்களாவும் இருட்டில் விழுந்தது.

உள்ளே கிளாஸ் உடையும் சத்தம். நாற்காலி கவிழும் சத்தம். போதையில் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் குழம்பு வழிய, மேனேஜர் நீலமேகம் வராந்தாவுக்குப் பாய்ந்தார்.

"எவன்டா கேஸை மூடினது? டேய் வேலப்பா! செவிட்டு நாயே!"

"இன்னா சார்?"

"நேத்து அவன் உள்ளே கெடந்து செத்தப்பவே மூடவிடலை... இன்னிக்கு எவனைக் கேட்டுடா மூடினே?"

...

...



நீலமேகத்தின் வாய் திறந்தபடியே நின்றது. தன் வாயிலிருந்து வெளியே விழுந்தது என்ன என்று தரையில் தேடுவது போல் பார்த்தார்.

வேலை முடிந்து கைகால் கழுவ வந்துகொண்டிருந்த உலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கரி படிந்த முகங்களில் கண்களின் வெள்ளை மட்டும் தெரிந்தது. கையில் மண்வெட்டி. யாரும் அதைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாது?" என்றான் ஒருவன். "உள்ள கெடந்து செத்தானா?"

கெங்கம்மா எழுந்தாள். விலங்குக் கையோடு வராந்தாப் படியில் ஏறினாள். மேனேஜரின் முகத்துக்கு நேரே நின்றாள்.

அடிக்கவில்லை. அலறவில்லை.

த்தூ!

காலையில் குடித்த கூழின் புளிப்பு முழுக்க அதில் இருந்தது. அத்தர் பஞ்சு இப்போது உதவவில்லை!

"கேட்டுக்கினியா நைனா?" தேசப்பனிடம் கைகளை நீட்டினாள். "இத்தனை காது கேட்டுச்சி!"

தேசப்பன் சாவியை எடுத்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தபடியே பூட்டைத் திறந்தான்.

"சார், பேசற சாட்சி கேட்டீங்களே..."

இன்ஸ்பெக்டர் பாலகுருவின் கையிலிருந்து கோழிக்கால் நழுவியது. அவர் மேனேஜரைப் பார்த்தார். மண்வெட்டிகளைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. தொண்டைக்குள் நேற்றைய பிரியாணி மேலே வரலாமா என்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

சக்கரத்தருகிலிருந்து வேலப்பன் நடந்து வந்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக, இன்ஸ்பெக்டர் எதிரில் நின்றான். காது மந்தக்காரன் முகத்தில் அப்படியொரு தெளிவு!

"தொரை... போலீஸு சொல்லிச்சேன்னு கேஸை மூடிட்டேன். எல்லாரும் இருட்டுல நிக்கறாங்கோ. இப்ப தொறக்கட்டுமா, வாணாமா... கொஞ்சம் சத்தமா சொல்லு சார்!"