மீன்பெட்டிக்குள் மிஞ்சிய பச்சை

காலை பத்து மணி. சாய்ந்தமருதில் மீராமுகைதீனின் வலைக்கூடாரத்துக்குள் மிளகாய் நாற்றுகள் கருகிக் கிடந்தன.

"விடியச் சுபஹ் தொழுதிட்டு வந்து பாத்தன், பச்சையா நிண்டிச்சு. பிறகு உள்ளுக்குப் போனது இவள் மட்டும்தான். தண்ணியில நஞ்சக் கலந்திருக்காள். பொலிசுக்குச் சொல்லிட்டன்," என்று கத்தினார் மீராமுகைதீன்.

நாற்றுகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் ஸைனம்பு வாசலில் நின்றாள். தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

விவசாயப் போதனாசிரியர் பாஹிமா ஓரிடத்தில் நிற்கவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், நடந்தாள்.

"நேத்து ஆரு வந்த?"

"மச்சான் ஜுனைட். மஃரிபுக்குக் கிட்ட, பொழுது படக்குள்ள இலைக்கு உரம் அடிச்சுத் தந்தான். அவனுக்கும் நாத்து யாவாரம்தானே. அவன் போனோடன பூட்டிட்டன்."

"நான் அடிச்சது நஞ்செண்டா இராவே செத்திருக்கும் மிஸ்," கூட்டத்தில் நின்ற ஜுனைட் சிரித்தான்.

மூலையில் வெள்ளை நுரைப்பலகையாலான றெஜிபோம் மீன்பெட்டி ஒன்று கவிழ்ந்திருந்தது.

"எலி கடிக்குதெண்டு நேத்துப் பூட்டக்குள்ள ஒரு தட்ட நான்தான் மூடின," என்றார் மீராமுகைதீன்.

பாஹிமா தூக்கினாள். உள்ளே ஒரு தட்டு நாற்று. பச்சை. மண் காய்ந்திருந்தது.

"பாத்தீங்களா! இவள்ட தண்ணி படாதது தப்பிச்சிட்டு!"

பாஹிமா தட்டை வெளியே கொண்டுபோனாள்.

"வெயில்ல வெக்காதீங்க மிஸ், கருகிடும்," என்றான் ஜுனைட்.

வைத்தாள். நண்பகல் லுஹர் பாங்கு கேட்கையில் இலைகள் துவண்டன. ஆட்கள் தொழுதுவிட்டுத் திரும்புகையில் விளிம்புகள் கருகியிருந்தன.

"இதுக்கு ஸைனம்புட தண்ணி படயில்ல. நஞ்சு பெட்டி மூட முந்தியே இலையில இருந்திருக்கு. இது வெளிச்சத்தில மட்டும் எரிக்கிற களைநாசினி," என்றாள் பாஹிமா. "வெளிச்சம் பட்டா இலைக்குள்ள, பச்சை நிறம் தாற பச்சையவுருமணிட மென்சவ்வில, இலத்திரன் எண்ட மின்துகள் கைமாறிக் கைமாறி ஓடும். இந்தக் களைநாசினி இடையில அதப் பறிச்சு ஒட்சிசனுக்குக் குடுக்கும். அந்த ஒட்சிசன் மென்சவ்வையே எரிச்சிடும். இருட்டில ஓட்டமில்ல, பறிக்கவும் ஒண்டுமில்ல. அதான் சுபஹுக்கும் பெட்டிக்குள்ளயும் பச்சை."

"போத்தல் மாறிப் போயிருக்கும்…"

"மிளகாய் வெயில்ல வளர்ற பயிர், ஜுனைட். இது வெயில்ல கருகுமெண்டு உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

ஜுனைட் வாசலைப் பார்த்தான். பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

அவனை ஏற்றிப் போனபின் மீராமுகைதீன் ஸைனம்புவின் பக்கம் திரும்பினார். "புள்ள, மனசில வெக்காத. நாளைக்கு வேலைக்கு வா."

"நஞ்சு வெச்சவள் எண்டு கத்தினது தெருவுக்கே கேட்டிச்சு காக்கா," என்றாள் ஸைனம்பு. "இல்லையெண்டதையும் அதே சத்தத்தில சொல்லுங்க. பிறகு பாப்பம்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கூடி நின்றவர்களை நோக்கித் தெருவில் இறங்கினார்.